ஓனமாலு கற்காதவரின் ஆரத்தி: தரிகொண்ட வெங்கமாம்பாவும் அவருடைய பாடல்களின் ஊற்றும்

திருமலையில் ஒவ்வோர் இரவும் நிகழும் இறுதி வழிபாட்டுக்கு ஏகாந்த சேவை என்று பெயர். வெள்ளிச் சங்கிலிகளில் தொங்கும் கட்டிலில் போக சீனிவாசர் திருமேனி பள்ளிகொள்ளும். பல்லவர் குலத்து அரசி சாமவை அளித்த வெள்ளித் திருமேனி அது என்பதைக் கோயிற் கல்வெட்டே கூறுகிறது. மார்கழி மாதத்தில் மட்டும் அவ்விடத்தைக் கண்ணன் திருமேனி பெறும். தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் வழியினர் தாலாட்டுப் பாடுவர். அதன்பின் தரிகொண்ட வெங்கமாம்பாவின் பெயரால் முத்தாரத்தி எடுக்கப்படும். தாள்ளபாக்கத்தார் தாலாட்டு, தரிகொண்டத்தார் ஆரத்தி என்று இவ்விரண்டையும் இணைத்துச் சொல்வது அப்பகுதித் தெலுங்கு மக்களின் வழக்கு.

தாலாட்டுக்கு உரியவரைப் பற்றித் தமிழ் வாசகர் ஓரளவு அறிவர். ஆரத்திக்கு உரியவரைப் பற்றி அறிந்தவர் மிகச் சிலரே. அவர் குழந்தைப் பருவத்திலேயே மணம் முடிக்கப்பட்டு, இளமையிலேயே கணவரை இழந்தவர். ஆசிரியரிடம் எழுத்துக்கூடக் கற்கவில்லை என்று தம்மைப் பற்றித் தாமே எழுதியவர். கைம்பெண் எதிரே வருவதையே அமங்கலம் என்று கருதிய காலத்தில் வாழ்ந்த ஒருவரின் ஆரத்தி, அம்மலையின் நாள் முடிவில் மங்கலமாக நிலைபெற்றது எவ்வாறு? அவருடைய பாடல்களின் ஊற்று எது? இவ்விரு வினாக்களும் உண்மையில் ஒரே வினாவின் இரு பக்கங்கள்.

வெங்கமாம்பா 1730ஆம் ஆண்டளவில் தரிகொண்ட என்னும் சிற்றூரில் பிறந்தார். குர்ரம்கொண்டக் கோட்டைக்கு அருகிலுள்ள அவ்வூர் நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022ஆம் ஆண்டு மறுசீரமைப்பில் புதிய அன்னமய்யா மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. தாள்ளபாக்கமும் அப்போது அதே மாவட்டத்துக்குள் வந்தது. இரவு வழிபாட்டில் அடுத்தடுத்து நினைக்கப்படும் இருவரின் பிறப்பிடங்களும் அவ்வாறு அவர்களில் ஒருவருடைய பெயரைத் தாங்கிய மாவட்டத்தில் அமைந்தன.

அவருடைய தந்தை கிருஷ்ணய்யா, தாய் மங்கமாம்பா. ஊரின் நடுநாயகம் இலட்சுமி நரசிம்மர் கோயில். கணவர் மறைந்த பின் தலைமுடி களையவும் மஞ்சள் குங்குமம் துறக்கவும் அவர் மறுத்தார் என்றும், வேங்கடவனே தம் கணவன் என்று கூறினார் என்றும் வழிவழிச் செய்தி கூறும். மதனப்பள்ளியைச் சேர்ந்த சுப்பிரமணிய தேசிகர் அவருக்கு யோகமும் வேதாந்தமும் உணர்த்திய ஆசிரியர் என்பர். ஊராரின் எதிர்ப்பு வளரவே அவர் திருமலைக்குச் சென்றார். அங்கும் இடையூறுகள் நேர்ந்து, தும்புரு தீர்த்தத்தை ஒட்டிய மலைக்காட்டில் சில காலம் தனித்து வாழ்ந்தார் என்பதும் மரபுச் செய்தியே. 1817இல் திருமலையிலேயே மறைந்தார். அவருடைய சமாதி இன்றும் அங்கே உள்ளது.

இந்த எண்பத்தேழு ஆண்டுகளில் அந்நிலப்பகுதி கண்ட மாற்றங்கள் பல. குர்ரம்கொண்டச் சீமை ஐதர் அலி, திப்பு சுல்தான், நிஜாம் என்று கைமாறி 1800இல் கும்பெனியாரிடம் வந்தது. திருப்பதியை உள்ளடக்கிய ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப்பகுதி 1801இல் கும்பெனியாரின் நேரடி ஆளுகைக்குள் சென்றது. கோயில் காணிக்கை அரசின் வருவாய் இனமாகக் கணக்கெழுதப்பட்ட காலம் அது. போர்ப்படைகளும் வரிக்கணக்குகளும் நிறைந்த அந்த வரலாற்றில் ஒரு கைம்பெண்ணின் பெயர் இடம்பெறக் காரணமே இல்லை. அவருடைய பாடல்கள்தாம் அப்பெயரைக் காத்தன.

பாடல்கள் எவ்வாறு பிறந்தன என்ற வினாவுக்கு அவரே ஒரு விடை தந்திருக்கிறார். தம் நூலின் முகப்பில் நான்கு மறுப்புகளை அவர் அடுக்குகிறார். சிறுவயதில் ஆசிரியரிடம் ஓனமாலுகூடக் கற்கவில்லை. யாப்பிலக்கணத்தில் பத்துப் பாக்கள்கூடப் பயிலவில்லை. காவியம், நாடகம், அணியிலக்கணம் ஆகியவற்றைக் காதாலும் கேட்டதில்லை. முன்னோர் செய்த தெலுங்கு நூல்களை முறையாக ஆராய்ந்ததில்லை. தரிகொண்ட நரசிம்மனே தம் நாவில் இருந்து பேசுகிறான் என்பது அவர் கூற்றின் சாரம். ஓனமாலு என்பது 'ஓம் நமச்சிவாய' என்பதன் எழுத்துகளைக் கொண்டு பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் வழக்கத்திலிருந்து வந்த சொல். தமிழகத்துத் திண்ணைப் பள்ளியில் 'அரிநமோத்து சிந்தம்' என்று தொடங்கியதற்கு இணையானது.

இக்கூற்றைச் சரிதம் எழுதியோர் பெரும்பாலும் நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டனர். எழுத்தறியாப் பெண்ணின் நாவில் கடவுள் அமர்ந்தான், காவியம் பிறந்தது. பக்தி மரபுக்குள் இது முழுமையான விளக்கம். வரலாற்று நோக்கில் இதனால் ஓர் இழப்பு உண்டு. அற்புதம் நிகழ்ந்தது என்று சொல்லிவிட்டால் அந்தப் பெண் என்ன செய்தார், எங்கிருந்து கற்றார், எத்தனை ஆண்டு உழைத்தார் என்ற வினாக்களுக்கு இடமில்லாமற் போகிறது. இதன் மறுமுனையில் இன்னொரு வாசிப்பும் உண்டு. இவையெல்லாம் வெறும் அவையடக்கம் என்று ஒதுக்குவது அது. கம்பர் முதலாகத் தமிழ்ப் புலவர் அவையடக்கம் பாடியுள்ளனர். தெலுங்கில் 16ஆம் நூற்றாண்டில் இராமாயணம் பாடிய மொல்லயும் தாம் இலக்கணம் முதலியவற்றில் தேர்ந்தவர் அல்லர் என்றே தொடங்குகிறார். எனினும் ஆண் புலவரின் அவையடக்கத்துக்குப் பின்னால் ஓர் ஆசிரியரும் ஒரு பாடசாலையும் இருந்தன. வெங்கமாம்பாவுக்கு அந்தக் கதவு திறந்ததே இல்லை. அவர் கூற்றில் மரபும் உண்டு, நடப்பும் உண்டு.

அம்மறுப்புகளின் வரிசை கருதத்தக்கது. முதலில் எழுத்து, பிறகு யாப்பு, பிறகு காவிய நாடக அலங்காரம், இறுதியில் முன்னோர் நூல். அக்காலத்துப் பாடசாலைக் கல்வி இந்த ஒழுங்கில்தான் ஏறிச்சென்றது. தாம் கற்காத கல்வியின் படிகளை ஒன்றும் பிறழாமல் அவர் அறிந்திருக்கிறார். வீட்டுத் திண்ணையில் ஆண்பிள்ளைகள் பாடம் ஒப்பிக்கும் ஓசை உட்கட்டுக்கும் கேட்கும் என்பதை நினைத்தால் இதில் வியப்பு இல்லை.

யாப்பு இன்னும் நுட்பமான செய்தியைத் தருகிறது. யாப்புப் பயிலவில்லை என்ற அந்தக் கூற்றையே அவர் சீசம் என்னும் பாவில் அமைத்திருக்கிறார். தெலுங்கின் தேசிப் பாவகைகளில் சீசம் நீண்டது. ஒவ்வோர் அடியிலும் ஆறு இந்திர கணங்களும் இரண்டு சூரிய கணங்களும் வரவேண்டும். இந்திர கணம் ஆறு வகை, சூரிய கணம் இரண்டு வகை. இனி, மக்கள் வழக்கில் நெடுங்காலமாக ஊறிய த்விபத என்னும் ஈரடிப் பாவை எடுத்துக்கொள்வோம். அதன் அடியில் மூன்று இந்திர கணங்களும் ஒரு சூரிய கணமும் வரும். தமிழின் எதுகைக்கு ஒப்பான பிராசமும் மோனைக்கு ஒப்பான யதியும் உண்டு. கணங்களின் வரிசை வேறுபட்டாலும் சீச அடியின் கணத்தொகை த்விபத அடியின் சரியான இரட்டிப்பு. இரண்டும் ஒரே வகைக் கணங்களால் ஆனவை. த்விபதயில் ஊறிய செவிக்குச் சீசம் அயலான ஓசை ஆகாது. யாப்பு நூலைத் திறக்காமலே அடியின் நீளத்தைச் செவியால் அளக்க முடியும். தாலாட்டும் ஒப்பாரியும் பாடும் தமிழ்ப் பெண்கள் சீர்களை எண்ணிப் பார்ப்பதில்லை; ஆயினும் ஓசை தட்டினால் உடனே உணர்வர். வெங்கமாம்பாவின் கல்வியும் இத்தகையதே என்று கொள்வதற்கு அவர் நூல்களே இடம் தருகின்றன. இராசயோக சாரம், பாகவதம், வாசிட்ட இராமாயணம் ஆகியவற்றை அவர் த்விபதயில் பாடினார். வேங்கடாசல மாகாத்மியம் பத்தியக் காவியமாக அமைந்தது. அவருடைய தொடக்ககால நூல்களில் ஒன்றான நரசிம்ம சதகத்தில் ஒவ்வொரு பாவும் தரிகொண்ட நரசிம்மனை விளித்தே முடிகிறது. திரும்பத் திரும்ப வரும் முடிப்பு நினைவுக்குத் துணைசெய்யும். வாய்மொழியாகக் கற்ற ஒருவருக்கு இயல்பாகக் கைவரும் வடிவம் சதகம்.

த்விபதக்கும் பெண்களுக்கும் அப்பகுதியில் முன்னமே உறவு இருந்தது. அன்னமாச்சாரியாரின் மனைவி திம்மக்கா சுபத்திரா கல்யாணத்தைப் பாடியது த்விபதயின் வகையில்தான். தெலுங்கின் முதற் பெண் கவிஞர் என்று அவரைப் போற்றுவோர் உளர். அதற்கும் முன்பு, 13ஆம் நூற்றாண்டில், பால்குரிகி சோமநாதர் பசவ புராணத்தை வடமொழி விருத்தங்களில் பாடாமல் த்விபதயில் பாடியது, மக்களிடம் செல்லவேண்டும் என்ற தெளிந்த முடிவினால் ஆகும். புலவர் அவையில் இரண்டாம் தரமாகக் கருதப்பட்ட ஒரு பா, அவைக்கு வெளியே இருந்தவர்களின் கருவியாக ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பயன்பட்டுவந்தது. வெங்கமாம்பா அந்த வரிசையில் வருபவர்.

இரண்டாவது ஊற்று கூத்து. விஷ்ணு பாரிஜாதம், செஞ்சு நாடகம், ருக்மிணி நாடகம், கோபிகா நாடகம், சலக்கிரீடா விலாசம், முக்திகாந்தா விலாசம் என்று அவர் இயற்றிய யட்சகானங்கள் பல. சிவ நாடகமும் பாலகிருஷ்ண நாடகமும் தரிகொண்டவில் இருந்தபோதே பாடியவை என்பர். யட்சகானம் ஏட்டில் படிப்பதற்கென்று தோன்றிய வடிவமன்று. ஊர்ப் பொதுவெளியில் விளக்கொளியில் இரவெல்லாம் நிகழ்வது. தரு, த்விபத, பெண்கள் நெல்குத்தும்போது பாடும் சுவ்விப் பாட்டு, ஏலப்பாட்டு, மங்கலப் பாட்டு ஆகியவை அதில் கலந்து வரும். செஞ்சுக்கள் நல்லமலைக் காட்டுக்குரிய வேட்டைக்குடியினர். நரசிம்மர் செஞ்சுப் பெண்ணை மணந்த கதை அகோபிலம் முதலிய நரசிம்மத் தலங்களில் வேரூன்றியது. முருகன் வள்ளியை மணந்த கதையைத் தமிழ்நாடு கொண்டாடுவதற்கு அது ஒப்பு. கோயிலின் கருவறைத் தெய்வத்தைக் காட்டுப் பெண்ணோடும் ஆயர் பெண்ணோடும் பேசவைக்கும் இக்கதைகளை அவர் தேர்ந்தது தற்செயலாக இருக்க முடியாது. ஊர்ப்புறத்துக் கேட்போரை நோக்கியே அவர் பாடினார்.

இந்தக் கூத்துச் சூழல் தெலுங்குக்கு மட்டும் உரியதும் அன்று. பாலசமுத்திரம், நகரி, சித்தூர் என்று நீளும் எல்லைநிலத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கும். திரௌபதியையும் தருமராசரையும் கொண்டாடும் பாரதத் திருவிழாக்கள் அங்கே நடைபெறுகின்றன. பகலில் பாரதக் கதை, இரவில் கூத்து. தொண்டைநாட்டுத் தெருக்கூத்தையும் சித்தூர்ச் சீமையின் வீதி நாடகத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் குடும்ப ஒற்றுமை உடனே புலப்படும். கலைச்சொற்களும் அதற்குச் சான்று. தெலுங்கு யட்சகானத்தின் தருவு தமிழ்க் கூத்திலும் குறவஞ்சியிலும் தரு ஆகிறது. வெங்கமாம்பாவின் சமகாலத்தவரான சீர்காழி அருணாசலக் கவிராயரின் (1711–1779) இராமநாடகத்தில் தருவோடு திபதையும் இடம்பெறுகிறது. திபதை என்பது த்விபதயின் தமிழ் வடிவமே. அரசியல் எல்லை பின்னால் வந்தது. சித்தூர் மாவட்டமே 1911இல்தான் உருவானது. படாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணிப் பகுதி சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது 1960இல். அக்கோடுகளை வைத்து 18ஆம் நூற்றாண்டுப் பாடலாசிரியர் ஒருவரின் செவியை அளந்தால் தவறே விளையும்.

மூன்றாவது ஊற்று வீடு. அதுவே ஆரத்திக்கு அழைத்துச்செல்வது. தெலுங்குக் குடும்பங்களில் திருமணம், பூப்பு, சீமந்தம், நோன்பு ஆகிய ஒவ்வொன்றும் மங்கல ஆரத்தியோடு முடியும். ஆரத்தித் தட்டை ஏந்துவதும் அதற்குரிய பாட்டைப் பாடுவதும் சுமங்கலிப் பெண்களின் உரிமை. அப்பாட்டுகள் தாயிடமிருந்து மகளுக்கு வாய்வழியே வருவன. சிறுமியாக அவற்றைக் கேட்டு வளர்ந்த வெங்கமாம்பா, கணவர் மறைந்த நாள் முதல் அத்தட்டைத் தொட உரிமை இழந்தார். பாட்டு நாவில் இருந்தது. பாடும் இடம் மறுக்கப்பட்டது. தமிழ்க் குடும்பங்களிலும் இவ்வழக்கம் அயலானதன்று. ஆரத்தி எடுக்கும் வேளையில் கைம்பெண்கள் பின்கட்டுக்கு ஒதுங்கிய காலம் இங்கும் அண்மை வரை இருந்தது.

இந்தப் பின்னணியில் அவருடைய முத்தாரத்தியை நோக்கினால் அதன் பொருள் மாறுகிறது. வேங்கடவனே கணவன் என்று கூறிய கூற்றைப் பக்தி மரபு நாயகி பாவமாக விளக்கும், ஆண்டாளோடு ஒப்பிடும். அவ்வொப்புமை தகுதியானதே. மார்கழி விடியலில் திருமலையில் சுப்ரபாதத்துக்கு மாற்றாக ஒலிப்பது ஆண்டாளின் திருப்பாவை. இரவின் முடிவில் நினைக்கப்படுவது வெங்கமாம்பாவின் ஆரத்தி. ஆயினும் இருவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மணமாகாத கன்னி இறைவனை மணாளனாக வேண்டுவது மரபு ஏற்ற ஒன்று. கைம்பெண் ஒருத்தி தாம் சுமங்கலி என்று அறிவிப்பது மரபை நேரே எதிர்ப்பது. மணாளன் இறவாதவன் என்றால் மங்கலம் நீங்காது. மங்கலம் நீங்காதவள் ஆரத்தி எடுக்கலாம். இந்த வாதத்தை அவர் தருக்க நூலாக எழுதவில்லை. ஆரத்திப் பாட்டாக இயற்றினார். எந்தப் பாட்டைப் பாடுவதிலிருந்து விலக்கப்பட்டாரோ அந்த வகைப் பாட்டையே தமக்கு உரியதாக்கிக்கொண்டார். அவருடைய ஆரத்தியின் ஊற்றுக்கண் இதுவே என்பது ஏற்கத்தக்க முடிபு. வீட்டுக்கூடத்தில் மறுக்கப்பட்ட தட்டு, முத்துகளோடு கோயிலின் இறுதி வழிபாட்டில் இடம்பெற்றது.

இதை அன்னமாச்சாரியாரோடு ஒப்பிடும்போது இன்னொரு செய்தி தெளிவாகும். அன்னமாச்சாரியார் (1408–1503) நாட்டார் வடிவங்களை விரும்பி எடுத்தாண்டவர். தாலாட்டு, சுவ்வி, கொப்பி, ஜாஜரா, கோலாட்டம் எல்லாம் அவர் சங்கீர்த்தனங்களில் உண்டு. அவர் வழியில் புலமை தழைத்தது. சங்கீர்த்தனத்துக்கு இலக்கணமே வகுத்தனர். பாடல்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுக் கோயிலிலேயே தனி அறையில் வைக்கப்பட்டன. அவ்வளவு காப்பு இருந்தும் ஏடுகள் நெடுங்காலம் வாசிப்பாரற்றுக் கிடந்தன. 1816இல் தெலுங்கு இலக்கணம் வெளியிட்ட கும்பெனி அதிகாரி ஏ. டி. கேம்பெல், திருப்பதியில் உள்ள செப்பேடுகளில் பழைய இலக்கண நூல் ஒன்று இருப்பதாகக் கேள்வியுற்றுப் படியெடுக்கச் செய்தார். அவை இறைவன் மீதான துதிப்பாடல்களே என்று கண்டு, தம் தேவைக்கு உதவாதவை என விட்டுவிட்டார். பிறகு ஒரு நூற்றாண்டு கழித்து, 1920களில்தான் அவை முறையான ஆய்வுக்கும் பதிப்புக்கும் வந்தன.

கேம்பெல் அதை எழுதியபோது வெங்கமாம்பா அம்மலையில் உயிரோடு இருந்தார். மறு ஆண்டில் மறைந்தார். இலக்கணம் தேடிய அதிகாரிக்குச் செப்பேட்டுப் பாடல்களே பயன்படவில்லை என்றால், செப்பேடும் இல்லாத ஒரு பெண்ணின் பாடல்கள் கண்ணில் பட்டிருக்கவே முடியாது. வெங்கமாம்பாவுக்குச் செப்பேடு பொறிக்க அரசரும் இல்லை, மைந்தரும் இல்லை. ஓலையும் நாவும் வழிபாட்டு உரிமையும் மட்டுமே அவருடைய ஆவணங்கள். இரவுதோறும் எடுக்கப்படவேண்டிய ஆரத்தி என்ற கடமை, இருநூறு ஆண்டுகளாக அவர் பெயரை இடையறாது ஒலிக்கச் செய்தது. திருமலையில் அன்னதானம் செய்தவர் என்ற மரபும் உடன் வாழ்ந்தது. அங்குள்ள பெரிய அன்னதானக் கூடத்துக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது.

தாமே கற்ற பாடலாசிரியர் என்ற தொடர் ஆய்வுலகில் பரவலாகப் பயன்படுகிறது. தமிழில் கூத்து வாத்தியார்கள், ஒப்பாரி பாடும் பெண்கள், தெம்மாங்குப் பாடகர்கள் பலரை இத்தொடரால் குறித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வெங்கமாம்பாவை வைத்து நோக்கினால் இத்தொடரின் போதாமை தெரியும். அவருக்குப் பாடசாலை இல்லை. ஆனால் கல்வி இருந்தது. கூத்து நடந்த வெளி, பெண்கள் பாடிய கூடம், ஆண்பிள்ளைகள் ஒப்பித்த திண்ணை, யோகம் உணர்த்திய ஆசிரியர் என அக்கல்விக்கு இடங்கள் பல. அவ்விடங்களை ஒவ்வொன்றாகத் தேடி, பாவின் கணங்களிலும் நாடகத்தின் தருக்களிலும் அவற்றின் சுவடுகளைக் காண்பது மொழியியலும் வரலாறும் சேர்ந்து செய்யவேண்டிய பணி. எல்லையின் இருபுறத்துக் கூத்து ஏடுகளையும் பெண்களின் ஆரத்திப் பாட்டுகளையும் தமிழ், தெலுங்கு என்று பிரிக்காமல் அருகருகே வைத்துப் பயில்வதிலிருந்து அப்பணி தொடங்கலாம். அப்பாட்டுகளை இன்னும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய மூதாட்டியர் எல்லையின் இருபுறத்து ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால், ஆசிரியரிடம் எதுவும் கற்கவில்லை என்றுதான் அவர்களும் சொல்வார்கள்.